பச்சை ஆளை அவசரப்படுத்தக் கூடாது

ஏழாம் ஸ்டேஷனில் மெட்டு ஒலித்தபோது லைன் லீடர் மதிவதனி லைனின் மறுகோடியில் நின்றிருந்தாள். அவளுக்கு இருந்தது இருபது நொடி. அதற்குள் ஓடிப்போய் மஞ்சள் விளக்குக்குக் கீழே இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் பதினோரு பெண்கள் நிற்கும் லைன் முழுக்க நின்றுவிடும். நின்றால் மேலே தொங்கும் பலகையில் சிவப்பு எண் ஏறும். எண் ஏறினால் சூப்பர்வைசர் விமல்ராஜின் குரலும் கூடவே ஏறும்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனி அது. ஆளுயரப் போர்டுகள் சாய்ந்தபடி வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருத்தி ஒயரைப் பரப்புவாள், அடுத்தவள் கிளிப் மாட்டுவாள், ஏழாம் ஸ்டேஷன்காரி கறுப்பு டேப்பைச் சுற்றுவாள். ஒவ்வொருத்தி தலைக்கு மேலும் ஒரு கயிறு. ஏதாவது தப்பு வந்தால் இழுக்க வேண்டும். எந்த ஸ்டேஷன் கூப்பிடுகிறது என்று காதாலேயே தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு மெட்டு வைத்திருந்தார்கள். ஏழாம் ஸ்டேஷனுக்கு வாய்த்தது பொம்மைக் கடையில் கேட்கிற மாதிரியான ஒரு குழல் மெட்டு. முன்பெல்லாம் அது மதிக்குப் பிடித்திருந்தது.

மெட்டு முடிய நாலைந்து நொடி இருக்கும்போது போய்ச் சேர்ந்து பொத்தானை அமுக்கினாள். மாடத்தி இரண்டு கையாலும் டேப்பைப் பிடித்தபடி போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆன பெண். தண்டலத்துக்கு அருகே ஒரு விடுதியில் தங்கி வேலைக்கு வருகிறாள்.

"நீ இழுத்தியா?"

"இல்லக்கா."

கயிறு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. போர்டுக்கு அந்தப் பக்கம், ஆறாம் ஸ்டேஷனில் நின்ற ரத்னா எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரும் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்த இடத்தில் ஐந்து வருஷம் டேப் சுற்றிய அன்னக்கிளி செத்து ஒன்றரை மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இப்படி ஆள் இழுக்காமல் மெட்டு ஒலிப்பது இது மூன்றாம் தடவை.

இதில் மதியை உலுக்கியது முதல் தடவைதான். கிளி போன பிறகு அந்த இடத்துக்கு உடனே ஆள் கிடைக்கவில்லை. ஏழாம் ஸ்டேஷன் வேலையை ஆறும் எட்டும் பங்கு போட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். பதினோராம் நாள் மதி அந்தக் காலி இடத்துக்கு நேர் எதிரே நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே விளக்கு எரிந்தது. மெட்டு ஒலித்தது. கயிற்றின் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அன்றைக்கு அவள் ஓடவில்லை, நகரவே இல்லை. லைன் நின்றது. அன்றும் மணி பதினொன்று நாற்பதுதான்.

மராமத்து பார்க்கும் அன்பு வந்து சுவிட்சைக் கழற்றி, ஊதி, புதிதாக மாற்றினான். கயிற்றையும் மாற்றினான். "ஒண்ணியும் இல்லக்கா, எல்லாம் கரெக்டா கீது" என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் அவனாகவே கயிற்றின் நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டுப் போனான்.

கதை தொடங்கியது இந்தக் கயிற்றில் இல்லை. ஒரு காகிதத்தில்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், மதி இன்னும் லீடராகாமல் ஐந்தாம் ஸ்டேஷனில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில், எச்.ஆர். மேடம் ஏலவார்குழலி லைன் முழுவதையும் பயிற்சி ஹாலுக்கு அழைத்துப் போனார். மனிதர்கள் நாலு நிறமாம். சிவப்பு ஆளுக்கு எல்லாம் சட்டென்று நடக்க வேண்டும், விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். மஞ்சள் ஆளுக்குப் பேச்சும் சிரிப்பும் வேண்டும். நீல ஆளுக்கு எண்ணும் ஆதாரமும் வேண்டும். பச்சை ஆள் அமைதி. யாரையும் நோகடிக்கமாட்டார், தன் கஷ்டத்தைச் சட்டென்று சொல்லமாட்டார். அவரை அவசரப்படுத்தக் கூடாது, நாலு பேர் முன்னால் கேள்வி கேட்கக் கூடாது, நேரம் கொடுத்தால் அவராகவே வந்து சொல்வார். யார் என்ன நிறம் என்று தெரிந்துகொண்டால் வேலையிலும் சிநேகத்திலும் பாதிச் சண்டை குறைந்துவிடும் என்றார் மேடம். நாற்பது கேள்வி கொண்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். வாரம் கழித்து அடையாள அட்டையில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு நிறப் புள்ளியும், அதோடு ஒரு சின்ன அட்டையில் அந்த நிறத்தின் குணங்களும் வந்தன.

பதினோரு பேருக்கும் பச்சை.

இப்படி ஒரு லைனைத் தான் பார்த்ததே இல்லை என்று மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேக் வெட்டினார்கள். வாய் ஓயாத ரத்னாவுக்கும் பச்சையா என்று மதிக்கு அப்போதே உறுத்தியது. கேட்டதற்கு மேடம், "வெளியில பேசறது வேற மதி, உள்ள இருக்கிற ஆள் வேற" என்றார். சரி, படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மதியும் விட்டுவிட்டாள். சந்தேகம் வந்ததும் விட்டுவிடுவதில் அவளுக்கு ஈடு கிடையாது.

ஒன்றைச் சொல்ல வேண்டும், அந்த வித்தை பலிக்கவும் செய்தது. விமல்ராஜ் சூப்பர்வைசர்கள் கூட்டத்தில் எழுதிய தாளில் சிவப்பு. அதுவரை அவரிடம் தலையைச் சொறிந்துகொண்டு சுற்றி வளைத்துப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்ட மதி, ஒருநாள் நேரே போய், "சார், எட்டாவது ஸ்டேஷனுக்கு ஃபேன் வேணும், இன்னிக்கே" என்றாள். அரை மணியில் ஃபேன் வந்தது. அவள் அசந்துபோனாள். மூன்றே மாதத்தில் லைன் லீடரும் ஆனாள். பச்சைக்கான விதிகளைத் தாளில் எழுதித் தன் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டாள். யாரையும் அதட்டவில்லை, யாரையும் துளைத்துக் கேட்கவில்லை. மற்ற லீடர்கள் கத்திக்கொண்டிருந்தபோது இவள் லைன் கோவில் மாதிரி இருந்தது. மதிக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. இப்போது அந்தக் கர்வத்தை நினைத்தால்தான் அவளுக்குக் குமட்டுகிறது.

கிளி மூன்று தடவை வந்தாள்.

முதல் தடவை லாக்கர் அறையில். "அக்கா, உங்கிட்ட ஒண்ணு பேசணும்." மதி சிரித்துக்கொண்டே, "பேசலாம் கிளி, நிதானமா யோசிச்சிட்டு வா" என்றாள். இரண்டாம் தடவை கம்பெனி பஸ்ஸில். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வடக்குப்பட்டு வரும்வரை மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு அதன் வாரைத் திருகிக்கொண்டே வந்தாள். "அந்த விசயம்க்கா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மதி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். கேட்கவில்லை. பச்சை ஆளை அவசரப்படுத்தக் கூடாதே.

மூன்றாம் தடவை ஒரு வெள்ளிக்கிழமை. ஏழாம் ஸ்டேஷன் மெட்டு ஒலித்தது. மதி ஓடினாள். போர்டில் எந்தத் தப்பும் இல்லை. கிளி கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"இன்னா கிளி, ஒயர் மாறிடுச்சா?"

"வேலையில ஒண்ணியும் தப்பு இல்லக்கா. உங்கிட்ட பேசணும்னுதான் இழுத்தேன்."

சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதி பொத்தானை அமுக்கினாள். பிறகு கிளியின் காதருகே குனிந்து, தன்னால் முடிந்த மட்டும் மென்மையாகச் சொன்னாள். "இங்க வேணாம்மா. எல்லாரும் பாக்கறாங்க. உனக்கு எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லு. நான் காத்துகினு இருக்கேன். சரியா?"

கிளி அவளையே பார்த்தாள். இன்னும் ஏதோ வரும் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. ஒன்றும் வரவில்லை. "சரிக்கா" என்று கயிற்றை விட்டாள். அப்போது மணி பதினொன்று நாற்பது. பதிவேட்டில் மதியின் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. முடித்துவிட்டு வடக்குப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய கிளி, மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வயது.

துக்கத்துக்குப் போன மதியிடம் கிளியின் அம்மா சுந்தராம்பாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நாலாக மடித்து, மடிப்பில் எண்ணெய் ஊறிய டாக்டர் கடிதம். இதய வால்வில் கோளாறு, நின்றுகொண்டு வேலை செய்யக் கூடாது, உட்கார இடம் தரவும் என்று கம்பெனிக்கு எழுதியிருந்தது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது.

"இத உங்கிட்ட குடுக்கறேன்னுதான் தெனம் பையில வெச்சிகினு வந்துச்சி. ஏன்மா குடுக்கல?" என்றாள் சுந்தராம்பாள். "வாயில்லாத பொண்ணு இல்லியே அது."

மதி காகிதத்தை மறுபடி நாலாக மடித்தாள்.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைப் படித்த விமல்ராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரு நாற்காலி மதி. பத்து நிமிஷ வேலை. வாயைத் தொறந்து சொல்லியிருந்தா போட்டிருப்பேனே" என்றார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று. மதியும் தலையாட்டினாள். சாப்பிட உட்காரும்போதும் பல் தேய்க்கும்போதும் அவள் காதில் அந்தப் பொம்மைக் கடை மெட்டு கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கிளியின் இடத்துக்கு மாடத்தி வந்ததும், மதி அவளைப் பார்த்த பார்வையிலேயே நிறம் முடிவுசெய்துவிட்டாள். சத்தமில்லாத பெண். கேட்டதற்கு மட்டும் பதில். தேர்வு வைக்க மேடத்துக்கு நேரமில்லை. மதியே தன் மேஜையிலிருந்து ஒரு பச்சைப் புள்ளியை எடுத்து அவள் அட்டையில் ஒட்டினாள். மாடத்தி இரண்டாம் நாளே, "அக்கா, ஒரு வெவரம் சொல்லணும்" என்று வந்தபோது, "மெதுவா சொல்லலாம், இப்போ வேலையக் கத்துக்கோ" என்று அனுப்பினாள். கிளிக்கு நடந்தது மதிக்குப் பாடமாகவில்லையா என்றால், ஆகத்தான் செய்தது. கிளிக்கு நேரம் போதவில்லை, இன்னும் பொறுமையாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அவள் படித்த பாடம்!

ஆகவே அவள் காத்திருந்தாள். தினமும் பதினொன்றரைக்கெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு ஏழாம் ஸ்டேஷன் பக்கம் போய் நிற்பாள். பயந்துகொண்டேதான் போவாள். பின்னால் மெட்டு ஒலித்த இரண்டு தடவையும் மட்டும் ஏதோ வேலை அவளை லைனின் மறுகோடிக்கு இழுத்துவிட்டிருந்தது. செத்தவள் கூப்பிடுகிறாள் என்றால், சொல்ல வந்ததை ஒருநாள் சொல்லிவிடுவாள் அல்லவா? திட்டினாலும் சரி, வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கயிறு ஒன்றுதான் அவளுக்கும் கிளிக்கும் நடுவே மிச்சம் இருந்தது.

மூன்றாம் தடவை மெட்டு ஒலித்த அன்று விமல்ராஜ் அவளைக் கூப்பிட்டார்.

"மதி, பேயோ பிசாசோ எனக்குத் தெரியாது. பொண்ணுங்க கையெல்லாம் நடுங்குது, டேப்பு கோணலா வருது. சனிக்கிழமை சாப்பாட்டு டைம்ல அந்தக் கயிறை எடுத்துடச் சொல்லிட்டேன்."

"சார், ஏழாவது ஸ்டேஷன்ல ஏதாச்சும் பிராப்ளம் வந்தா?"

"பக்கத்துக் கயிறை இழுக்கட்டும். முடிஞ்சுது."

சிவப்பு ஆளிடம் அதற்கு மேல் பேச அவளுக்கு முதல் வாக்கியம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் ரத்னா எதிரே வந்து உட்கார்ந்தாள். சாம்பார் சரியில்லை, பஸ் டிரைவர் சரியில்லை, நாத்தனார் சரியில்லை என்று வரிசையாக ஒப்பித்தாள். மதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ரத்னா நிறுத்தினாள்.

"நீ துன்னவே மாட்டேன்றியே. இன்னும் கிளியவே நினைச்சிகினு கீறியா?"

"அவளுக்கு இன்னும் கொஞ்சம் டைம் குடுத்திருந்தா சொல்லியிருப்பா ரத்னா. பச்சை ஆளுங்க அப்பிடித்தான். நான்தான்..."

"பச்சையாம் பச்சை!" ரத்னா தட்டை நகர்த்தினாள். "யார் பச்சை? கிளியா? அது ஊட்டுல போடற சத்தம் தெரு முனைக்குக் கேக்கும். அது எங்க பச்சையாச்சி? உன் பேப்பரப் பாத்து எழுதுச்சி, அதான்."

மதிக்குப் புரியவில்லை.

"பின்ன? அந்தக் கேள்வியெல்லாம் தமிழா அது? 'மாற்றத்தை நான் மனமுவந்து அரவணைக்கிறேன்'னு ஒண்ணு. யாருக்குப் புரியுது? தப்பாப் போட்டா காண்ட்ராக்டைக் கட் பண்ணிடுவாங்கன்னு ஒரே பயம். நீதான் டிப்ளமா படிச்சவ, நீ போட்டா கரெக்டா இருக்கும்னு உன் பக்கத்துல உக்காந்திருந்த கிளி பாத்துப் போட்டுது. அதப் பாத்து நான் போட்டேன். என்னப் பாத்து மீதிப் பேரு. உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிகினு இருந்தோம்?"

மதி கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஹால் நினைவுக்கு வந்தது. வலது பக்கம் கிளி சாய்ந்து உட்கார்ந்திருந்ததும், அவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரமும் நினைவுக்கு வந்தன. பள்ளிக்கூடத்திலிருந்தே மதி தாளை மறைத்து எழுதியதில்லை. பார்த்தால் பார்க்கட்டுமே என்று இருந்துவிடுவாள்.

பையிலிருந்து மேடம் கொடுத்த அந்தச் சின்ன அட்டையை எடுத்துப் படித்தாள். யாரும் என்னைத் துருவிக் கேட்காமல் இருந்தால் நிம்மதியாக இருப்பேன். நாலு பேர் முன்னால் என் கஷ்டத்தைப் பேசினால் கூசுவேன். எனக்கு நேரம் கொடுத்தால் நானே சொல்வேன். வரிக்கு வரி மதிதான். பத்தாம் வகுப்பில் அப்பா போனபோது ஊரே வந்து துளைத்துத் துளைத்துக் கேட்டதிலிருந்து அவள் அப்படித்தான். இந்த ஒன்றரை வருஷமாக அந்த லைனில் அவள் பேசியதெல்லாம் தன்னோடுதான். கிளியோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கிளி எப்படிப்பட்டவ ரத்னா?" ஐந்து வருஷம் கூட நின்றவளைப் பற்றி இப்படிக் கேட்க அவளுக்கே கேவலமாக இருந்தது.

ரத்னாவின் குரல் தணிந்தது. "அதுங்கிட்ட போயி, 'இன்னாடி உனக்கு, சொல்லு'ன்னு அதட்டணும். ஒடனே கொட்டிடும். கேக்காதவங்ககிட்ட நாமளாப் போயி கஷ்டத்தச் சொல்றது கை நீட்டற மாதிரின்னு சொல்லும். அந்த வெள்ளிக்கிழமை உங்கிட்ட பேசிட்டு வந்து இன்னா சொல்லுச்சி தெரியுமா? 'மூணு தபா போனேன், அக்கா இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. அவங்களுக்கு இஷ்டம் இல்ல போலகீது, வுடு'ன்னுச்சி."

"நீ ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல?"

"நீயும் எங்கிட்ட கேக்கலியே மதி" என்றாள் ரத்னா. அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு அன்பு ஏணியையும் கட்டிங் பிளேயரையும் கொண்டுவந்து தூணோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். மதி அன்று ஏழாம் ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. போக அருகதை இல்லை என்று தோன்றியது. முதல் ஸ்டேஷனில் ஒயர்களை எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டு கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வராதே கிளி, இன்றைக்கு வராதே என்றது மனசு. ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்றும் அதுவே சொன்னது.

நாற்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மெட்டு ஒலித்தது.

அவள் ஓடினாள். ஓடும்போதே தெரிந்தது, என்ன கேட்க வேண்டும் என்று. போய்ச் சேர்ந்தாள். பொத்தானை அமுக்கவில்லை. மாடத்தியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இன்னாடி உனக்கு? சொல்லு! இப்பவே சொல்லு!"

அந்தச் சத்தம் அவளுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருபது நொடி முடிந்து மெட்டு அடங்கியது. லைன் நின்றது. பலகையில் சிவப்பு எண் ஏறத் தொடங்கியது.

மாடத்தியின் முகத்தில் ரத்தமே இல்லை.  பிறகு பேச்சு வந்து கொட்டியது.

"தல சுத்துதுக்கா. பதினொன்ற ஆச்சுன்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருது, காலு நிக்க மாட்டேங்கு. ஊருல ரெண்டு வாட்டி விழுந்திருக்கேன். வந்த ரெண்டாம் நாளே சொல்லணும்னுதான் வந்தேன், நீங்க மெதுவா சொல்லுன்னுட்டு போய்ட்டிய. முடியாமப் போனப்பதான் கயித்த இழுத்தேன். நான்தான்க்கா இழுத்தேன். நீங்க ஓடி வந்து பக்கத்துல நின்னியன்னா, அந்த ஒரு நிமிசம் சமாளிச்சுக்கிடலாம்லா."

"ஏன் இழுக்கலன்னு சொன்ன?"

"நீங்க 'நீ இழுத்தியா'ன்னுல்லா கேட்டிய? போலீசு கேக்கா மாதிரி. புதுசா வந்தவ, வேலைய விட்டு அனுப்பிட்டா? செத்துப்போன அக்காதான் இழுக்காவன்னு இவிய எல்லாரும் பேசுனாவ. சரி, அவிய இழுத்ததாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். என்ன வேணும்னு நீங்க ஒருவாட்டி கூடக் கேக்கலியேக்கா."

சொல்லி முடித்ததும் அவள் முழங்கால் மடங்கியது. மதி தாங்கிப் பிடித்துக்கொண்டாள். போர்டைச் சுற்றி ஓடிவந்த ரத்னா மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாக அவளைத் தரையில் உட்கார வைத்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். மதியின் கை அந்தப் பெண்ணின் முதுகில் இருந்தது. யூனிபார்மைத் தாண்டி இதயம் திடுதிடுவென்று அடிப்பது கைக்குத் தெரிந்தது. அடிக்கட்டும், அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

விமல்ராஜ் வேகமாக வந்தார். "இன்னா மதி, லைன் நாலு நிமிஷமா நிக்குது!"

"சார், மாடத்திக்கு ஒரு நாற்காலி வேணும், இப்பவே. அந்தக் கயிறை எடுக்கக் கூடாது."

அவர் மாடத்தியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். திரும்பி நடந்தார். அன்பு ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனான். ஆபீஸிலிருந்து உயரமான நாற்காலி ஒன்று வந்து சேர்ந்தது. மதி கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. கேட்டதிலிருந்து எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. பத்துகூட ஆகவில்லை.

அந்த நாற்காலியைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. எட்டே நிமிஷம்.

மாடத்தியை ரத்னாவோடு மருத்துவ அறைக்கு அனுப்பும்போது மதி ஒன்று கேட்டாள். "மொத்தம் எத்தினி தபா இழுத்த?"

"மூணு வாட்டிக்கா. இன்னிக்குச் சேத்து."

மதி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். நாலு. மாடத்தி சங்கரன்கோவிலில் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே, இந்த இடத்தில் ஆளே இல்லாதபோது, அவள் கண்ணெதிரே ஒலித்தது ஒன்று இருக்கிறது. அன்றைக்குத்தான் அவள் நகராமல் நின்றாள்.

லைன் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏழாம் ஸ்டேஷனுக்கு ஆள் இல்லை. மதியே போய் நின்றாள். டேப்பை எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழகியதைக் கை மறக்கவில்லை, இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, மறுபடி இரண்டு சுற்று. நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது. அவள் அதில் உட்காரவில்லை.

நாலைந்து போர்டு போன பிறகு தலையை நிமிர்த்திக் கயிற்றைப் பார்த்தாள். அன்பு கட்டிய எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்துப் பெண்களுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, நாலு பேர் முன்னால், வாய்விட்டுக் கேட்டாள்.

"கிளி, இன்னாடி உனக்கு? சொல்லு."

எட்டாம் ஸ்டேஷன் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். விளக்கு எரியவில்லை. மெட்டு ஒலிக்கவில்லை. மதி காத்திருந்தாள். காத்திருப்பதில்தான் அவள் கெட்டிக்காரி ஆயிற்றே. அடுத்த போர்டு அவள் முன்னால் வந்தது. அதற்கும் டேப் சுற்றினாள். அதற்கடுத்ததற்கும்.